இணைய வேகம் போதுமான அளவு இருந்தும் ஐபி தொலைபேசியில் குரல் உடைவது ஏன்?

கேள்வி: நூல்முகவர், திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். பின்னலாடை நிறுவனங்களுக்கு நூல் வாங்கிக் கொடுக்கும் சிறிய முகவர் அலுவலகம் நடத்துகிறோம். பழைய செப்புக்கம்பித் தொலைபேசியை ஒப்படைத்துவிட்டு, மேசைக்கு ஒன்றாக, இணையம் வழியே பேசும் நான்கு ஐபி தொலைபேசிகள் வைத்திருக்கிறோம். அவை ஃபைபர் இணைப்பின் ரவுட்டரோடு இணைக்கப்பட்டு, ஒரு சேவை நிறுவனத்தின் சர்வர் வழியாக வெளி எண்களுடன் பேசுகின்றன.

சிக்கல் இரண்டு வகையாக வருகிறது. முதலாவது, மாலை நேரத்தில் கணக்குக் கோப்புகளும் நூல் மாதிரிகளின் படங்களும் கிளவுடில் ஏறிக்கொண்டிருக்கும்போது, எங்கள் குரல் துண்டு துண்டாகக் கேட்கிறது என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். அவர்கள் பேசுவதோ எங்களுக்குத் தெளிவாகவே கேட்கிறது. இரண்டாவது, வெளியிலிருந்து வரும் சில அழைப்புகளில் ஒருவர் குரல் மட்டுமே கேட்கிறது. இன்னும் சில அழைப்புகள் நன்றாகத் தொடங்கி, ஏறத்தாழ அரை நிமிடத்தில் தாமாகவே அறுந்துவிடுகின்றன.

வேகத்தை அளந்தால் பதிவிறக்கம் 100 எம்பிபிஎஸ், பதிவேற்றம் 20 எம்பிபிஎஸ் வருகிறது. குரல் உடையும் அதே நேரத்தில் உயர்தரக் காணொளி ஒருமுறைகூடத் தடைபடாமல் ஓடுகிறது. காணொளியைவிடக் குரலுக்குத் தேவைப்படும் தரவு மிகக் குறைவுதானே? பிறகு ஏன் குரல் மட்டும் உடைய வேண்டும்? ‘இந்தப் பொத்தானை அழுத்துங்கள்’ என்ற அளவில் நிற்காமல், பேசுபவர் வாயிலிருந்து கேட்பவர் காதுவரை என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள விரும்புகிறேன். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: வலைப்பின்னல் பொறியாளர், கோயம்புத்தூர்

வணக்கம் ஐயா. காணொளியை ஒப்பிட்டு நீங்கள் கேட்டதிலேயே விடைக்கான வழி இருக்கிறது. குரல் அழைப்புக்கு வேகத்தைவிட நேரம் முக்கியம். அதை விளக்க உங்கள் மேசையிலிருந்தே தொடங்குகிறேன்.

மைக்கில் விழும் ஒலி ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாறுகிறது. தொலைபேசி அதை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில் குறித்துக்கொள்கிறது. இதுதான் 1972ஆம் ஆண்டிலேயே தரப்படுத்தப்பட்ட ஜி.711 என்னும் கோடெக், அதாவது குரலை எண்களாக்கும் முறை. உங்கள் தொலைபேசிகளும் பெரும்பாலும் இதையே பயன்படுத்தும். நொடிக்கு 64,000 பிட்டுகள். மனிதக் குரலில் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி வந்தாலே பேச்சு புரியும் என்பதால் இந்த அளவு போதும் என்று அன்று முடிவு செய்தார்கள்.

இந்த எண்கள் ஆற்றுநீர் போல ஒரே ஓட்டமாகப் போவதில்லை. 20 மில்லிநொடிக்கு ஒருமுறை, அதுவரை சேர்ந்த 160 பைட்டுகளை எடுத்து ஒரு பொதியாக்கி அனுப்பிவிடுகிறது தொலைபேசி. ‘வணக்கம்’ என்று சொல்ல அரை நொடி ஆகிறதென்றால், அந்த ஒரு சொல் 25 பொதிகளாகப் பிரிந்து புறப்படுகிறது. நடுவில் வரும் ‘க்க’வில் நாக்கு அண்ணத்தை அடைத்து நிற்கிறதே, அந்த நிசப்தத்துக்கே சில பொதிகள் ஆகும். ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் ஆர்டிபி என்னும் நெறிமுறை 12 பைட்டுகளைச் சேர்க்கிறது. இத்தனையாவது பொதி என்ற வரிசை எண்ணும், அதிலுள்ள ஒலி எந்த நொடிக்கு உரியது என்ற நேரக் குறிப்பும் அதில் இருக்கும். அதன்மேல், பொதியை அனுப்பும் நெறிமுறையான யுடிபிக்கு 8 பைட்டுகள், ஐபி முகவரிகளுக்கு 20 பைட்டுகள். ஆக ஒரு பொதி 200 பைட்டுகள், நொடிக்கு 50 பொதிகள், அதாவது ஒரு திசைக்கு 80 கேபிபிஎஸ் (நொடிக்கு 80,000 பிட்டுகள்). நான்கு தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் பேசினாலும் 320 கேபிபிஎஸ்தான். 20 எம்பிபிஎஸ்ஸில் இது 2 விழுக்காடுகூட ஆகாது. அளவைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது முற்றிலும் சரி.

காணொளியைச் சர்வர் முன்கூட்டியே அனுப்பிவைக்க முடியும். படம் ஓடத் தொடங்கும்போதே அடுத்த பல நொடிகளுக்கான தரவு உங்கள் கருவிக்கு வந்து சேர்ந்திருக்கும். வழியில் ஒரு பொதி தொலைந்தால் டிசிபி என்னும் நெறிமுறை அதை மறுபடி கேட்டு வாங்கி, வரிசைப்படி அடுக்கிக் கொடுக்கும். சேமிப்பு கையில் இருப்பதால் அந்தத் தடுமாற்றம் பார்ப்பவருக்குத் தெரிவதே இல்லை. பேச்சில் அது முடியாது. நீங்கள் இன்னும் சொல்லாத சொல்லை யாரும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள முடியாது. தொலைந்த பொதியை மறுபடி கேட்டு வாங்குவதற்குள் அதற்குரிய நொடி கடந்துவிடும். அதனால்தான் குரலை மறு அனுப்புதல் இல்லாத யுடிபியில் அனுப்புகிறார்கள். தாமதமாக வந்த பொதியும் வராத பொதியும் கேட்பவருக்கு ஒன்றுதான்.

எவ்வளவு தாமதம் வரை பொறுக்கலாம்? பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரைப்படி, ஒரு திசையில் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும்; 400 மில்லிநொடியைத் தாண்டவே கூடாது. தாமதம் கூடினால், ஒருவர் முடித்துவிட்டார் என்று நினைத்து மற்றவர் தொடங்குவதும், இருவரும் மோதி ஒரே நேரத்தில் நிறுத்துவதும் நடக்கும்.

இதில் தூரத்தின் பங்கு சிறியது. கண்ணாடி இழையில் ஒளி 1000 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 மில்லிநொடி போதும். பொதியை நிரப்ப 20 மில்லிநொடி ஆகிறது. மறுமுனையில் ஜிட்டர் பஃபர் என்ற சிறு சேமிப்பு இருக்கிறது. பொதிகள் புறப்படும்போது சீராக 20 மில்லிநொடிக்கு ஒன்றாகப் புறப்பட்டாலும் வந்து சேரும்போது முன்பின்னாகத்தான் வரும் என்பதால், அவற்றைச் சற்று நிறுத்தி, வரிசை எண்ணைப் பார்த்து அடுக்கி, மீண்டும் சீரான இடைவெளியில் ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதன் வேலை. வழக்கமாக 40 முதல் 60 மில்லிநொடி வரை அது பிடித்து வைக்கும். அதற்கும் பிந்தி வரும் பொதியை ஒதுக்கித் தள்ளிவிடும்.

இப்போது மாலையில் உங்கள் அலுவலகத்தில் நடப்பதைப் பார்ப்போம். கிளவுடுக்குக் கோப்பை ஏற்றும் கணினி, இணைப்பு தாங்கும் வரை பொதிகளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியே போகும் வழி 20 எம்பிபிஎஸ்தான் என்பதால், மிகுதியானவை ரவுட்டரிலோ ஃபைபர் மோடத்திலோ வரிசையில் நிற்கும். அந்த வரிசையில் 1 மெகாபைட் தரவு நின்றாலே, அதாவது 80 லட்சம் பிட்டுகள் நின்றாலே, அது கரைய 0.4 நொடி ஆகும். உங்கள் குரலின் 200 பைட்டுப் பொதி அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. 400 மில்லிநொடி அங்கேயே போய்விட்டது. வரிசையின் நீளமும் கணத்துக்குக் கணம் மாறுவதால் ஜிட்டர் பஃபரால் ஈடுகொடுக்க முடிவதில்லை. பதிவிறக்கத் திசையில் இந்த நெருக்கடி இல்லாததால்தான் அவர்கள் குரல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது.

வேகத்தை அளக்கும் தளம் இதைக் காட்டாது. எவ்வளவு போகிறது என்பதை அளக்குமே தவிர, எவ்வளவு நேரம் காத்திருந்து போகிறது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. ஒரு சிறு பொதி போய்த் திரும்ப எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று காட்டும் பிங் கட்டளையை ஒரு கணினியில் தொடர்ந்து ஓடவிட்டு, கோப்பு ஏறாதபோதும் ஏறும்போதும் வரும் எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். எண் பல மடங்கு உயர்ந்தால் காரணம் இதுதான்.

தீர்வு, அந்த வரிசையை உங்கள் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவது. ரவுட்டரில் வெளிச்செல்லும் வேகத்தை 17 அல்லது 18 எம்பிபிஎஸ் என்று சற்றுக் குறைத்து வரையறுத்தால், வரிசை மோடத்தில் சேராமல் ரவுட்டரிலேயே சேரும். அங்கே குரல் பொதிகளுக்கு முன்னுரிமை கொடுக்க முடியும். ஐபி தொலைபேசிகள் பொதுவாகத் தம் குரல் பொதிகளில் ‘இதை விரைந்து அனுப்பு’ என்று குறிக்கும் டிஎஸ்சிபி 46 என்ற முத்திரையை இட்டே அனுப்புகின்றன. அந்த முத்திரையை மதிக்கும்படி ரவுட்டரை அமைத்தால் போதும். எஃப்கியூ-கோடல் என்னும் வரிசை மேலாண்மை முறை உள்ள ரவுட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. 2018இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியான அந்த முறை, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனி வரிசை வைத்து, பெரிய கோப்பின் பின்னால் சிறிய பொதிகள் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். கூடுதல் வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

பதில் 2: எஸ்ஐபி நிர்வாகி, சென்னை

முதல் சிக்கலைப் பொறியாளர் தெளிவாக விளக்கிவிட்டார். இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். இரண்டும் வெவ்வேறு நோய்கள்.

இணையவழி அழைப்பில் குரல் ஒரு பாதையிலும், அழைப்பை ஏற்பாடு செய்யும் உரையாடல் வேறொரு பாதையிலும் போகின்றன. ஏற்பாட்டைக் கவனிப்பது எஸ்ஐபி நெறிமுறை. இப்போது புழங்கும் வடிவம் 2002இல் ஆர்எஃப்சி 3261 ஆக வெளிவந்தது. அழைப்பவர் தரப்பு ‘இன்வைட்’ என்ற செய்தியை அனுப்பும். எதிர்த்தரப்பு மணி அடிக்கும்போது 180 என்ற எண்ணோடு பதில் வரும். எடுத்துப் பேசும்போது 200 என்ற எண்ணோடு பதில் வரும். அதைப் பெற்றுக்கொண்டேன் என்று அழைப்பவர் தரப்பு ‘ஏசிகே’ அனுப்பினால்தான் ஏற்பாடு முழுமையடையும். முடிவில் யார் வைத்தாலும் ‘பை’ போகும். எல்லாம் படிக்கக்கூடிய எழுத்து வடிவச் செய்திகளே.

இன்வைட்டுக்கும் 200க்கும் உள்ளே, ‘குரலை இந்த ஐபி முகவரிக்கு, இந்தப் போர்ட்டுக்கு (அந்த முகவரியில் உள்ள வாயில் எண்ணுக்கு) அனுப்புங்கள், எனக்குத் தெரிந்த கோடெக்குகள் இவை’ என்ற குறிப்பு இருக்கும். உங்கள் தொலைபேசிக்குத் தெரிந்த முகவரியோ 192.168 என்று தொடங்கும் உள் முகவரி. அலுவலகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் அந்த முகவரிக்கு வெளியுலகிலிருந்து எதையும் அனுப்ப முடியாது. ரவுட்டர் பொதியின் உறையில் உள்ள முகவரியை வெளி முகவரியாக மாற்றிவிடும். உள்ளே எழுதப்பட்ட குறிப்பைத் தொடாது. சர்வர் அந்தக் குறிப்பை நம்பினால் வாடிக்கையாளரின் குரல் எங்கும் சென்று சேராது. உங்கள் குரல் மட்டும் அவருக்குக் கேட்கும்.

இதைச் சரிசெய்கிறேன் என்று பல ரவுட்டர்களில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதியை வைத்திருக்கிறார்கள். செய்தியைத் திறந்து முகவரியைத் திருத்துவது அதன் வேலை. நடைமுறையில் அது அரைகுறையாகத் திருத்தி, போர்ட்டை ஒன்றாகவும் முகவரியை வேறொன்றாகவும் விட்டுவிடுவதை மிகுதியாகப் பார்க்கிறோம். முதலில் அதை அணைத்துவிடுங்கள். சேவை நிறுவனங்களின் சர்வர்கள் பெரும்பாலும், குறிப்பில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, குரல் பொதி உண்மையில் எந்த முகவரியிலிருந்து வந்ததோ அந்த முகவரிக்கே திருப்பி அனுப்பத் தெரிந்தவை. இடையில் கைவைக்காமல் இருந்தாலே வேலை நடக்கும்.

அரை நிமிடத்தில் அறுபடுவதற்கும் வேர் இதுதான். நீங்கள் ரிசீவரை எடுத்ததும் உங்கள் தொலைபேசி 200ஐ அனுப்பிவிட்டு ஏசிகேவுக்காகக் காத்திருக்கும். தவறான முகவரி எழுதப்பட்டிருந்தால் ஏசிகே வந்து சேராது. தொலைபேசி 200ஐ மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்க்கும். நெறிமுறையின் அடிப்படைக் காலம் அரை நொடி. அதன் 64 மடங்கான 32 நொடி முடிந்தும் பதில் இல்லையென்றால் அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும் என்பது விதி. இடைப்பட்ட 32 நொடியும் குரல் நன்றாகவே போய்வந்துகொண்டிருக்கும் என்பதால்தான் இணைய இணைப்பு விட்டுப்போனதாகத் தோன்றுகிறது. 32 நொடியில் அறுபடும் அழைப்பு என்றால் வேகத்தைச் சோதிப்பதில் பயனே இல்லை. ஏசிகே எங்கே தொலைகிறது என்று பார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப் போன்ற செயலிகளும் உலாவிகளில் இயங்கும் வெப்ஆர்டிசியும் இந்த முகவரிச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கின்றன. ‘வெளியிலிருந்து பார்த்தால் என் முகவரி என்ன?’ என்று ஸ்டன் சர்வரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இருமுனைகளும் தமக்குள்ள எல்லா முகவரிகளையும் பரிமாறி, எது எதற்கு வழி திறக்கிறது என்று சோதித்துப் பார்க்கின்றன. எதுவும் திறக்காவிட்டால் டர்ன் என்னும் இடைநிலைச் சர்வர் வழியாகக் குரலை அனுப்புகின்றன. நீங்கள் ‘இணைக்கிறது’ என்று திரையில் பார்க்கும் அந்தச் சிறு இடைவெளியில் இந்தச் சோதனைகளும் நடக்கின்றன.

நூல்முகவர் (கேள்வி கேட்டவர்)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பிங் ஓடவிட்டுப் பார்த்தேன். கோப்பு ஏறாதபோது 12 மில்லிநொடி அளவில் இருந்த எண், ஏறத் தொடங்கியதும் 300ஐத் தாண்டுகிறது. எஸ்ஐபி ஏஎல்ஜியையும் அணைத்துவிட்டேன். அதன்பின் வந்த அழைப்புகள் அறுபடவில்லை. வேகத்தை வரையறுக்கும் வசதி இந்த ரவுட்டரில் இல்லாததால் வேறு ரவுட்டர் வாங்க வேண்டியிருக்கிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள். தொலைபேசிகளை விற்றவர், கோடெக்கை ஜி.729க்கு மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். அது உண்மையா? மேலும், ஒரே கைபேசியில், ஒரே இடத்தில், சாதாரண 4ஜி அழைப்பு தெளிவாகவும் வாட்ஸ்அப் அழைப்பு உடைந்தும் கேட்பது ஏன்? இரண்டுமே பொதிகள்தான் என்று படித்திருக்கிறேன்.

பதில் 3: வலைப்பின்னல் பொறியாளர், கோயம்புத்தூர்

கோடெக்கை மாற்றாதீர்கள். ஜி.729 குரலை 8 கேபிபிஎஸ்ஸாகச் சுருக்கும் என்பது உண்மை. ஆனால் 40 பைட்டுத் தலைப்பு அப்படியே இருக்கும். 20 மில்லிநொடிக்குரிய குரல் மட்டும் 160 பைட்டிலிருந்து 20 பைட்டாகக் குறையும். 80 கேபிபிஎஸ் இருந்த இடத்தில் 24 ஆகும். நெருக்கடியான செயற்கைக்கோள் இணைப்பில் இது பெரிய சேமிப்பு. உங்களுக்கோ சிக்கல் வரிசையில் காத்திருப்பது. 60 பைட்டுப் பொதியும் 200 பைட்டுப் பொதியும் அதே வரிசையில் அதே நேரம்தான் நிற்கும். குரலின் இயல்பு குறைவதுதான் மிச்சம். அதோடு, ஜி.729இல் ஒவ்வொரு துண்டும் முந்தைய துண்டைச் சார்ந்து விரிவதால், ஒரு பொதி தொலைந்தால் அதன் பாதிப்பு அடுத்தடுத்த துண்டுகளுக்கும் பரவும்.

இரு முனைகளும் ஓபஸ் கோடெக்கைப் பேசக்கூடியவை என்றால் அது வேறு கதை. ஸ்கைப்பின் சில்க், சைஃப் அறக்கட்டளையின் செல்ட் என்ற இரண்டு தொழில்நுட்பங்களை இணைத்து 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ், இணையத்தின் குறைகளை அறிந்தே உருவாக்கப்பட்டது. முந்தைய துண்டின் சுருக்கமான நகல் ஒன்றை அடுத்த பொதியில் சேர்த்து அனுப்பும் வசதி அதில் உண்டு. ஒரு பொதி தொலைந்தாலும் அடுத்ததிலிருந்து மீட்டுவிடலாம். ஆனால் உங்கள் அழைப்புகள் பெரும்பாலும் பொதுத் தொலைபேசி எண்களுக்குப் போகின்றன. வழியில் அவை எப்படியும் ஜி.711 ஆக மாற்றப்பட வாய்ப்பிருப்பதால், அலுவலகத்தில் மட்டும் ஓபஸ் வைப்பதில் உங்களுக்குப் பெரிய பயன் இராது.

பதில் 4: ஓய்வுபெற்ற தொலைபேசி நிலைய அலுவலர், மதுரை

கைபேசி பற்றிய ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதில் எனக்கு ஆர்வம் அதிகம்.

எங்கள் காலத்து டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சில் ஒரு அழைப்பு அமைந்தால், அது முடியும்வரை 64 கேபிபிஎஸ் பாதை ஒன்று அந்த இருவருக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கும். இ1 என்று நாங்கள் சொல்லும் 2.048 எம்பிபிஎஸ் வழியில் 32 இடங்கள். அவற்றில் 30 இடங்கள் குரலுக்கு. அந்த 30ம் நிரம்பிவிட்டால் 31ஆவது ஆளுக்கு அந்த வழியில் இடமில்லை. இடம் கிடைத்தவர்களின் குரலோ ஒருபோதும் உடையாது. இருவரும் பேசாமல் மௌனமாக இருந்தாலும் அந்த இடம் அவர்களுடையதே. இணையம் இதற்கு நேர்மாறான கொள்கையில் எழுந்தது. யாரையும் திருப்பி அனுப்பாது. யாருக்கும் உறுதியும் தராது. அத்தகைய வலையில் பேச்சை அனுப்ப முடியுமா என்ற ஆய்வு மிகப் பழையது. டேனி கோஹன் உள்ளிட்டோர் 1974ஆம் ஆண்டிலேயே, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் குரலைப் பொதிகளாக அனுப்பிக் காட்டினார்கள். பொதுமக்கள் கணினி வழியே பேசும் மென்பொருளை 1995இல் வோக்கல்டெக் நிறுவனம் வெளியிட்டது.

உங்கள் 4ஜி அழைப்பும் பொதிகள்தான், எஸ்ஐபிதான், ஆர்டிபிதான். வோல்ட்டி என்கிற அந்த முறை 2016 செப்டம்பரில் ஜியோவின் வரவோடு நம் நாட்டில் பரவலானது. ஆனால் அழைப்பு தொடங்கியதும் வலையமைப்பு அந்தக் குரலுக்கென்று தனி வழித்தடம் ஒன்றைக் கோபுரம் வரை ஒதுக்குகிறது. அதற்கு உறுதிசெய்யப்பட்ட வேகமும், 100 மில்லிநொடி என்ற தாமத வரம்பும் உண்டு. கோபுரம் யாருக்கு எப்போது அலைவரிசை கொடுப்பது என்று முடிவு செய்யும்போது அந்தப் பொதிகள் முன்னால் நிற்கும். வாட்ஸ்அப்பின் குரல் பொதிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும் காணொளியோடும், உங்கள் கைபேசியே பின்னணியில் ஏற்றிக்கொண்டிருக்கும் படங்களோடும் சேர்ந்து அவை பொது வழித்தடத்தில் போகின்றன. கோபுரத்தில் கூட்டம் இல்லாத நேரத்தில் வாட்ஸ்அப் குரல் மிக நன்றாகவே இருக்கும். கூட்டம் சேரும்போதுதான் வேறுபாடு தெரியும். எங்கள் எக்ஸ்சேஞ்சின் ஒதுக்கீட்டுக் கொள்கையைப் பொதிகளின் உலகத்துக்குள் மீண்டும் கொண்டுவந்ததுதான் வோல்ட்டி என்றே நான் கருதுகிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். செப்புக்கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து அதே கம்பியில் வந்தது. ஊரே இருண்டாலும் பேச முடிந்தது. உங்கள் ஐபி தொலைபேசிகள் மின்வெட்டில் அக்கணமே நின்றுவிடும். கணினிகளுக்கு மட்டும் யுபிஎஸ் வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருக்கும் ஃபைபர் மோடத்தை நேரடி மின்சாரத்தில் விட்டுவிடுவது பல அலுவலகங்களில் நான் காணும் குறை. மோடம், ரவுட்டர், தொலைபேசிகளுக்கு மின்சாரம் தரும் சுவிட்ச் ஆகிய மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் இணையுங்கள். இவை எடுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் சிறிய யுபிஎஸ்கூட நெடுநேரம் தாங்கும். அவசர உதவிக்கு 112ஐ அழைக்க வேண்டி வந்தால் ஐபி தொலைபேசியை நம்பியிராமல் கைபேசியிலிருந்தே அழைக்க வேண்டும் என்பதையும் அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.